எட்டரை மணிக் கணக்கு

காரையாற்று அணையைப் படகில் கடக்கையில்
மழைமானியை மடியில் வைத்திருந்தேன்,
தடுப்பூசிக்குப் போகும் பிள்ளையைப் போல.
"இது எதுக்கு?" என்றார் படகோட்டி சொரிமுத்து.
"மழைய அளக்க."
"அளந்து?"
என் பையில் நாற்பது பக்கத் திட்ட அறிக்கை.
தகவமைப்பு என்ற சொல்
அதில் அறுபத்தோரிடத்தில் வருகிறது.
ஒன்றுகூட அப்போது வாய்க்கு வரவில்லை.

அக்கரைக் காணிக்குடியிருப்பில்
அளக்கச் சம்மதித்தவள் பகவதி.
காலை எட்டரைக்கு அளவு, நோட்டில் எழுத்து.
மாதம் முந்நூறு ரூபாய்,
அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சேரும்.

ஆனி முழுக்கச் சுழியம்.
சாரல் எந்தப் பக்கம் போனதோ.
ஒருநாள் மட்டும் புள்ளி இரண்டு;
பக்கத்தில் அவள் கையெழுத்து:
"மழை இல்லை, பனி. ஏமாற வேண்டாம்."
எண்ணுக்கென்று கோடு போட்ட நோட்டில்
ஓரமெல்லாம் குறிப்பு நெருங்கிக் கிடக்கும்.
நல்லமிளகுக் கொடி மூணு பட்டுப்போச்சு.
வேங்கை முந்திப் பூத்துட்டு.
இந்த வட்டம் தேன் எடுக்கப் போனவங்க
வெறுங்கையோட வந்தாங்க.
பன்றி மரச்சீனியைக் கிண்டிட்டு, வேலி கேட்டமே?

அம்பாசமுத்திரத்தில்
எண்களை மட்டும் கணினியில் ஏற்றினோம்.
குறிப்புக்கு அதில் கட்டம் கிடையாது.

வேலிக்குப் பதில் மிளகு நாற்று இருநூறு கொடுத்தோம்;
பாதி முதல் வெயிலிலேயே கருகியது.
ஊற்றுக்கண் பக்கம் கேட்ட தண்ணீர்த்தொட்டியை
படம் எடுக்க வாகான இடத்தில் கட்டினோம்.
பயிற்சி நாளன்று எலுமிச்சம்பழச் சோறு.
நன்றாக இருந்தது என்றார்கள்,
சோற்றைத்தான் சொன்னார்கள்.

மார்கழி பிறக்க ஓரிரு நாள் இருந்தபோது
பிடித்தது மழை.
இரவு இரண்டு பத்துக்குப் போன்.
சிக்னல் கிடைக்கும் பாறை
குடியிருப்புக்கு மேலே அரை மணி ஏற்றம்;
அட்டைக் காடு, ஆனைத் தடம்.
"சார், குடுவை இருநூறுதான் கொள்ளும்.
ரெண்டு தடவை கொட்டிட்டேன்.
மூணாவதும் தளும்புது.
கீழ சொல்லிருங்க…"
அறுந்தது.

ஈர லுங்கியோடு பைக்கை எடுத்தேன்.
ஆற்றோரத் தெருவில் கதவு கதவாய்த் தட்டினேன்.
"எந்த ஆபீஸ்?" என்று கேட்டார் ஒருவர்
ஜன்னலைத் திறக்காமலே.
"ஆபீஸ் இல்லை, மலையில பகவதின்னு…"
"யாரு, அம்மனா?"
அம்மன் என்று நினைத்தே சிலர் எழுந்தார்கள்.
நான் திருத்தவில்லை.
செங்கல் சூளைக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள்.
படுகையில் கிடைபோட்டிருந்த இசக்கிப்பாண்டி
ஆடுகளைக் கால்வாய்க் கரைக்கு ஏற்றினார்.
விடிகையில் அந்தத் தெரு ஆறாக இருந்தது.
வாழையும் பிசான நாற்றும்
தாமிரவருணியோடு போயின.
ஆள் ஒருவரும் போகவில்லை.

படகும் போய்விட்டிருந்தது, கயிற்றோடு.
பன்னிரண்டாம் நாள்தான்
அரிசி மூட்டையோடு அக்கரை சேர்ந்தோம்,
ஒரு மூட்டை நனைந்து வீங்கியிருந்தது.
மேற்கு வரிசையில் நாலு வீடு மண்ணுக்குள்.
ஆட்கள் பாறைப் புடவில் இருந்தார்கள்.
பகவதி அரிசிக்கு முன்னே நோட்டை நீட்டினாள்.
பன்னிரண்டு எட்டரையும் எழுதியிருந்தது,
கரிக்கட்டையால் சில.
ஓரத்தில்:
"கீழ எப்படி இருக்காங்கன்னு தெரியல்ல."

திட்ட அறிக்கையில்
பயனாளிகள் என்ற கட்டத்தில்
ஆற்றோரத் தெருவை எழுதி அனுப்பினேன்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது:
பயனாளி மலையில் இருக்க வேண்டும்.

வேலி பங்குனியில் வந்தது.
கம்பம் மூன்று குறைவு.
அந்த இடைவெளியைப் பன்றி அன்றிரவே கண்டுகொண்டதாம்,
எட்டரை மணிக் கணக்குக்குப் பக்கத்தில்
எழுதியிருக்கிறாள்.